எல்லோரும் அண்ணாந்து பார்த்த கூத்து

அல்லிக்குளத்து விலங்குகளுக்கு மாலையானால் இருப்புக் கொள்ளாது. சூறைக்குருவிகள் வந்து வானத்தில் கூத்துக் காட்டும் நேரம் அது. மொத்தம் மூன்று லட்சத்துப் பதினாறு குருவிகள். எண்ணியது ஆமை. அதற்குத்தான் அவ்வளவு நேரம் இருந்தது.

குருவிகள் கூட்டமாகச் சுழன்றால் வானத்தில் ஒரு வீரன் நிற்பான். இன்னொரு சுழற்சியில் ஏழு தலை அரக்கன் வருவான். வாள் வரும், நெருப்பு வரும், மலை பிளக்கும். பனை உச்சியில் உட்கார்ந்து மைனா கதை சொல்லும். மாலைக்கு ஒரு பாகம். அப்படி நாற்பது பாகம் ஓடிவிட்டது.

காட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கீரியை முயல் விடவே இல்லை. கூத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றது. உடும்பும் அதையே சொன்னது. காட்டுப்பன்றியும் அதையே சொன்னது. எல்லோரையும்விட அதிகமாகப் புகழ்ந்தது குளத்து முதலைதான்.

"இப்படி ஒரு கூத்து இனிமே பிறந்துதான் வரணும், தம்பி. வா, தண்ணி ஓரமா முன்வரிசையில உனக்கு இடம் போட்டு வைக்கிறேன்."

அன்று கீரிக்கு இரை இறங்கவில்லை. மாலையில் முகம் கழுவிக்கொண்டு முதல் ஆளாக வந்து, கூச்சத்தில் பின்வரிசை மேட்டில் உட்கார்ந்தது.

வீரன் வாளை ஓங்கினான். வெட்டுவதற்கு முன் அந்த வெட்டின் பெயரைச் சொன்னான். நீளமான பெயர், சொல்லி முடிப்பதற்குள் மைனா மூன்று முறை மூச்சு வாங்கியது. அதுவரை அரக்கன் ஏழு தலையோடும் சும்மா நின்றான். வெட்டு விழுந்தது. அரக்கன் சாகவில்லை, சின்ன வயதில் தான் பட்ட கஷ்டங்களைச் சொல்ல ஆரம்பித்தான். அது முடிவதற்குள் இருட்டிக்கொண்டு வந்தது. குருவிகள் கூட்டுக்குப் போய்விட்டன.

"இவ்வளவுதானா?" என்றது கீரி.

"நடுவுல வந்தா அப்படித்தான் தோணும், மாப்ளே. இன்னும் பன்னிரண்டு பாகம் பொறுத்துக்கோ, அப்புறம் சூடு பிடிக்கும்" என்றது முயல்.

கீரி பொறுத்தது. பன்னிரண்டு மாலையும் வீரன் தோற்கப் போனான். பன்னிரண்டு மாலையும் நண்பர்களை நினைத்து அழுதான், உடனே பலம் வந்தது. குருவிகள் பறந்த அழகைக் கீரி மனதாரப் பாராட்டியது. நெருப்பு சுழன்றபோது அதற்கும் மயிர் சிலிர்த்தது. ஆனால் கதை மட்டும் கிளம்பிய இடத்தைவிட்டு ஓர் அடி நகரவில்லை.

அதை வெளியே சொன்னதுதான் தாமதம், கரையே முறுக்கிக்கொண்டது. ரசனை கெட்டவன் என்றது உடும்பு. காட்டுப்பன்றி தண்ணீர்த் துறையில் இடம் விட மறுத்தது. கீரிக்கு அங்கே இருந்த ஒரே சிநேகிதன் முயல். அதுவும் முகம் வாடிப்போய், "மனசுக்குள்ள வெச்சுக்கக் கூடாதா? உன்கூடச் சேர்ந்ததுக்கு என்னையும்ல பேசுறாங்க" என்றது.

"என்னை மாதிரி ஒருத்தருக்குக்கூடவா இங்க அலுக்கலை?"

முயல் யோசித்தது. போன மாதம் இரண்டு பெருச்சாளிகள் முன்வரிசையிலிருந்து பாதியில் எழுந்து போய்விட்டனவாம். போனதை யாரும் பார்க்கவில்லை. அரக்கன் நெருப்புக் கக்கிய நேரம். முதலை சொல்லித்தான் தெரியும். அப்புறம் அவை கூத்துப் பக்கமே வரவில்லை.

கீரிக்கு ஏக சந்தோஷம். "அவங்க வீடு எங்கேன்னு விசாரிச்சுச் சொல்லு, மாப்ளே. போய் மனசுவிட்டுப் பேசிட்டு வரேன்."

மறுநாள் கூத்தில் பெரிய சண்டை. முயலுக்கு முன்வரிசையில் இடம் கொடுத்திருந்தது முதலை. முயல் தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து, வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்தது. வீரன் வெட்டின் பெயரைச் சொல்லத் தொடங்கினான். எப்படியும் நேரமாகும் என்று கீரி கொட்டாவி விட்டது, கண்ணைக் கீழே ஓடவிட்டது.

தண்ணீரில் இரண்டு கண்கள் மிதந்தன. கரையில் அத்தனை கண்களும் வானத்தில் இருக்க, அவை இரண்டு மட்டும் முயலின் கழுத்தைப் பார்த்தன. பார்த்தபடியே நெருங்கின.

பெருச்சாளிகளின் வீடு எங்கே என்று கீரிக்கு அப்போது தெரிந்துவிட்டது.

ஒரே பாய்ச்சல். முயலின் காதைக் கவ்விப் பின்னால் இழுத்தது. முதலையின் வாய் வெறும் காற்றைக் கடித்து மூடியது. அந்தச் சத்தத்தில் குருவிகள் மிரண்டன; வீரன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அரக்கனின் ஏழு தலைகளும் ஏழு திசைக்குப் பறந்தன.

கூத்தின் பரவசத்தில் கால் வழுக்கிவிட்டதாக முதலை சமாளித்தது. காட்டுப்பன்றி அதை ஏற இறங்கப் பார்த்தது.

"அப்படியா அண்ணே? உங்களுக்கு இந்தக் கூத்துல எந்தப் பாகம் ரொம்பப் பிடிக்கும்?"

முதலை வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்தது. "அந்த... யானை வர்ற பாகம்" என்றது.

ஐம்பத்துநாலு பாகத்தில் எதிலும் யானை வரவில்லை.

முதலை அப்படியே தண்ணீருக்குள் இறங்கி, வேறு குளம் தேடிப் போயிற்று. கூத்து மட்டும் நிற்கவில்லை. இப்போது எல்லோரும் மேட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அவர்களுக்கு நடுவே, குளத்தைப் பார்த்தபடி, கீரிக்கு ஓர் இடம். காட்டுப்பன்றியே அதைத் துடைத்து வைக்கிறது. காதில் பல் தழும்போடு முயல் ஒருநாள் கேட்டது: "இன்னைக்குப் பாகம் எப்படி, மாப்ளே?"

"சுமார்தான்" என்றது கீரி.

ஊரே ஒன்றைக் கொண்டாடி அண்ணாந்து நிற்கும்போது, எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிக் கீழே பார்க்கிற ஒருவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும்.