எங்கள் மேசையில் ஓடுகிறது

"அவனை வெளிய தள்ளுங்க டீச்சர். இல்லைன்னா நான் போறேன்."

படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அதற்குள் குற்றாலிங்கம் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஜெசிந்தா டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடையின் மாடி அது. நீள மேசை ஒன்று. அதன்மேல் ஏழு சின்னக் கணினிப் பெட்டிகள், வயரும் வயருமாக. நாற்காலி இரண்டு.

"செருப்பு," என்றார் டீச்சர்.

குற்றாலிங்கம் கழற்றி வாசலில் வீசிவிட்டு வந்தார்.

குற்றாலிங்கத்துக்கு வயது ஐம்பத்தேழு. டீச்சருக்கு முப்பத்தெட்டு. முப்பது வருஷம் டெலிபோன் லைன்மேனாகக் கம்பம் ஏறிய மனிதர், வேலையை விட்டபிறகு கணினி படித்து, தம்மைவிடப் பத்தொன்பது வயது இளையவரிடம் வந்து சீடராகச் சேர்ந்தார். அதைச் சொல்லிச் சிரித்த சொந்தக்காரர்கள் உண்டு. அவர்களோடு பேச்சை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. அப்படிப்பட்ட கோபக்காரர்.

இருவரும் வளர்த்துவந்த மென்பொருளுக்கு இழை என்று பெயர். லினக்ஸ் என்கிற இயங்குதளம் ஓடும் இயந்திரத்தின் அடிமட்டத்தில் கிடக்கும். எந்த வயர் வழியாகப் பேசுவது, எந்த டவரைப் பிடிப்பது, பாதை அறுந்தால் எங்கே திரும்புவது என்பதெல்லாம் அதன் பாடு. பல ஊர்களிலிருந்து நாற்பது பேர் சும்மா எழுதித் தருகிறார்கள். டீச்சர் கையெழுத்துப் போடாமல் ஒரு வரி உள்ளே போகாது.

அது ஒழுங்காக ஓடுகிறவரை அப்படி ஒன்று இருப்பதே எவனுக்கும் தெரியாது. நின்றால்தான் பெயரே தெரியும். வருகிற கடிதங்களில் நல்ல வார்த்தை சொன்னது இரண்டோ மூன்றோ. மற்றதெல்லாம் வசவு. நன்றிகெட்ட வேலை என்று ஒன்று உண்டென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

"யாரைத் தள்ளணும்?"

"ஊசிமலை எஸ்தாக்கி. மலைமேல ஒரு பெட்டியில நம்ம இழையை ஓட்டுதானே, அவன். எனக்குத் தனியா எழுதியிருக்கான். முன்ன ரெண்டு தடவையும் இங்கிலீசுல எழுதினான். இன்னைக்குத் தமிழ்ல."

"ஏன்?"

"அப்பத்தான ஏச்சு ஒழுங்கா வரும்."

டீச்சர் கையிலிருந்த வயரை மேசைமேல் வைத்தார்.

"முப்பது வருஷம் கம்பத்துல தொங்கிக்கிட்டே ஏச்சு வாங்கியாச்சு டீச்சர். இங்க வந்துமா?"

"அப்ப ஏசினா என்ன செய்வீய?"

"என்ன செய்ய? ரிப்பேர் முடிச்சு, கம்பத்துல இருந்தே போன் போட்டுப் பாப்பேன். எடுத்த உடனே ஏசுவான். ஏச்சு தெளிவாக் கேட்டா டெஸ்ட் புக்குல லைன் ஓகேன்னு எழுதிட்டு இறங்கிருவேன்."

சொல்லிவிட்டு, அந்தப் பேச்சு இப்போது எதற்கு என்று கையை உதறினார்.

"அது சர்க்கார் உத்தியோகம். இது நான் சும்மா செய்யுத வேலை. சும்மா செய்யுதவனை ஏச அவன் யாரு?"

டீச்சர் எழுந்தார். தம் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்க அண்ணாச்சி."

அதில் டீச்சரைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. குற்றாலிங்கம் விளிம்பில் உட்கார்ந்தார்.

டீச்சர் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். எஸ்தாக்கியின் பெயர் இருந்தது. பக்கத்தில் சிவப்பாக ஒரு பொத்தான்.

"அழுத்துங்க. அதுக்கப்புறம் அவரு நமக்கு ஒரு வரிகூட எழுத முடியாது."

குற்றாலிங்கத்தின் கை மவுஸுக்குப் போனது. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை. வாதாடுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துவைத்த பேச்சுக்கு வேலையில்லாமல் போயிற்று.

"ஒரு கடிதத்தைக் கடைசி வரை வாசிக்காம மூடக்கூடாது. நம்ம வழக்கம்," என்றார் டீச்சர். "வாசிச்சீயளா?"

"முத வரியே போதும்."

"சத்தமா வாசிங்க."

குற்றாலிங்கம் போனை எடுத்துக் கண்ணுக்கு எட்டப் பிடித்தார்.

"'குற்றாலிங்கம் என்கிற மூதிக்கு.'"

நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"மேல."

"'பதிமூணாம் தேதி மரியாதையா ஒரு லெட்டர் போட்டேன். நீ என்ன பதில் எழுதின?'"

"என்ன எழுதினீய?"

"எங்கள் மேசையில் ஓடுகிறதுன்னு எழுதி, புகாரை மூடிட்டேன்."

"மேல."

"'பதினேழாம் தேதி ரெண்டாவது லெட்டர். அதுக்கு?'"

"அதுக்கு?"

"அதேதான்." குற்றாலிங்கம் போனை மேசைமேல் வைத்தார். "ஓடத்தான செய்யுது? நீங்களே பாருங்க. ஏழு பெட்டியும் ரெண்டு செகண்டுல பதில் சொல்லுது. ஓடுததை ஓடுதுன்னு எழுதினா தப்பா?"

என்ன புகார் என்று இங்கே சொல்லியாக வேண்டும். தொலைவில் இருக்கும் ஒரு பெட்டியின் பாதையை, அந்தப் பாதை வழியாகவே போய் மாற்றுவது வில்லங்கமான வேலை. தவறினால் மறுபடி அதைத் தொட வழி கிடையாது. அதற்காக இழைக்கு ஒரு பழக்கம். பழைய பாதையை மறக்காமல் வைத்துக்கொண்டு புதியதுக்கு மாறும். அறுபது விநாடி காத்திருக்கும். அதற்குள் புதிய பாதையில் மறுமுனைக்கு "இருக்கேன்" என்று சொல்ல முடிந்தால் அங்கேயே தங்கும். முடியாவிட்டால் பழையதுக்கே திரும்பிவிடும்.

போன மாதம் குற்றாலிங்கம் அந்த அறுபதைப் பதினைந்தாக வெட்டினார். ஏழு பெட்டியும் இரண்டு விநாடியில் பேசும்போது அறுபது எதற்கு, தூங்கவா? வேண்டியவர்கள் கூட்டிக் குறைத்துக்கொள்ள இருந்த வசதியையும் சேர்த்துத் தூக்கினார். அதை யாரும் தொட்டதாக அவருக்குத் தெரியவில்லை. நூற்றுப் பன்னிரண்டு வரி குறைந்தது. நாலு வருஷத்தில் அவர் செய்ததிலேயே அவருக்கு ரொம்பப் பிடித்த மாற்றம் அது. வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லிக் காட்டியிருந்தார்.

"மேல வாசிங்க அண்ணாச்சி."

வேண்டாவெறுப்பாகப் போனை எடுத்தார். "'மூணாவது தடவையா எழுதுதேன். ஆறு தடவை மாத்திப் பாத்துட்டேன். ஆறு தடவையும் பழைய டவருக்கே திரும்பிட்டு...'"

"நில்லுங்க. உங்க கண்ணு நடுவுல ஒரு வரியைத் தாண்டிட்டு."

"அது ஏச்சு."

"ஏச்சையும் வாசிங்க."

குற்றாலிங்கத்தின் முகம் கறுத்தது. "பொம்பளை முன்னால வாசிக்கக்கூடிய பேச்சு இல்ல."

"டீச்சர் முன்னால வாசிங்க."

வேறு வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். முதல் நாலு வார்த்தையை இங்கே எழுத முடியாது. அவர் எழுத்துக்கூட்டுவதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார். பிறகு:

"'...உன் மேசை என்ன மலையாடா? இங்க மழையில புது டவரைப் பிடிக்கவே நாப்பது செகண்டு ஆகும்டா சவமே. நீ பதினஞ்சுல திரும்பி ஓடினா அது எந்தக் காலத்துல பிடிக்கும்?'"

நிறுத்தினார்.

அதே வரியை மனசுக்குள் இன்னொரு தடவை வாசிப்பது உதட்டில் தெரிந்தது.

"சத்தமா," என்றார் டீச்சர்.

"நாப்பது செகண்டு."

ஏழு பெட்டிகளும் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தன. குற்றாலிங்கம் அவற்றைப் பார்க்கவில்லை.

"இதை ஒழுங்கா எழுத வேண்டியதுதான?" குரல் மறுபடி ஏறியது. "ஏச்சுக்கு நடுவுல பொதிஞ்சு வச்சா எவன் கண்டான்?"

"பதிமூணாம் தேதி எழுதலையா?"

குற்றாலிங்கம் முதல் கடிதத்தைத் தேடி எடுத்தார். மரியாதையான கடிதம். வணக்கம், நன்றி எல்லாம் இருந்தது. மூன்றாவது பத்தியில் அந்த நாற்பது விநாடியும் இருந்தது. மழை, டவர், எல்லாம் விளக்கமாக. அவர் இரண்டாவது பத்தியோடு மூடியிருக்கிறார்.

இதற்குப் பிறகு யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. அவராகவே தமிழ்க் கடிதத்தின் மிச்சத்தை வாசித்தார்.

"'ஆத்துல தண்ணி ஏறினா கீழ இருக்க கல்லூத்து ஊருக்கு அபாயச் சங்கு ஊதச் சொல்லுத பெட்டி இது. ஆத்தோரம் நூத்து முப்பது வீடு. பழைய டவரைக் கம்பெனிக்காரன் இன்னைக்கு அஞ்சு மணியோட நிறுத்துதான். மேல ஏறிப் போயி பெட்டியைத் தொட முடியாது, போன மழையில பாலம் போச்சு. ராத்திரி தண்ணி வந்தா நீ உன் மேசையைத் தூக்கிட்டு வந்து ஆத்தை மறிப்பியா?'"

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றே கால்.

"நீங்களும்தான கையெழுத்துப் போட்டீய?" என்றார் குற்றாலிங்கம். கோபம் கொஞ்சமும் குறையவில்லை. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை, டீச்சர் எதிரே நின்றார்.

"போட்டேன். நூத்துப் பன்னெண்டு வரி குறையுதேங்கிற சந்தோஷத்துல போட்டேன்." டீச்சரின் குரலும் சரியாக இல்லை. "அந்த நாலு வார்த்தையில ரெண்டு எனக்கு."

பிறகு திரையைக் காட்டினார்.

"பொத்தான் அங்கதான் இருக்கு. நாற்காலியும் உங்களுதுதான்."

குற்றாலிங்கம் அந்தப் பக்கத்தை ஓரம் தள்ளினார். போன மாதத்து மாற்றத்தைத் திறந்தார்.

பதினைந்தை அழித்து அறுபது என்று அடித்தார். அதோடு விடவில்லை. தூக்கி எறிந்த வசதியையும் தேடி எடுத்துக் கொண்டுவந்து வைத்தார். நூற்றுப் பன்னிரண்டு வரியும் திரும்ப வந்தன. அடிக்கிற அடியில் விசைப்பலகை மேசைமேல் குதித்தது. தம்மையே அடித்துக்கொள்வதற்கு வேறு இடம் அங்கே இல்லை.

சாதாரணமாக ஒரு மாற்றத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட டீச்சருக்குப் பத்து நாள் ஆகும். இன்றைக்கு நின்றபடியே ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஏழு பெட்டியிலும் ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றின் வாயையும் நாற்பது விநாடி பொத்திவைத்து மறுபடியும் ஓட்டினார். மூன்று ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டார்.

"போன் போடுங்க."

"நானா?"

"உங்களுக்குத்தான எழுதினாரு."

மூன்று கடிதத்தின் அடியிலும் நம்பர் இருந்தது. குற்றாலிங்கம் அடித்தார். பெயரைச் சொன்னார்.

அதன் பிறகு கொஞ்ச நேரம் அவர் பேச வேண்டிய தேவை ஏற்படவில்லை.

மூச்சு வாங்க அந்தப் பக்கம் நிறுத்தியபோது, "புதுசு அனுப்பியிருக்கேன். ஏத்துங்க," என்றார்.

"மறுபடியும் பதினஞ்சா?"

"அறுபது. போதாதுன்னா நீங்களே கூட்டிக்கிடலாம். அந்த வசதி திரும்ப இருக்கு."

"ஏன் எடுத்தீரு?"

"முதல்ல ஏத்துங்க," என்றார் குற்றாலிங்கம்.

மலைக்குப் போகும் லைன் மெலிசு. புதிய பதிப்பு ஏறி முடிய அரை மணி நேரம் ஆனது. போனை இரண்டு பேரும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மாத்துதேன்," என்றது போன். மணி நாலரை.

குற்றாலிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். சிவப்பு முள் நகர்ந்தது.

பத்து.

பதினைந்தில் அவர் உடம்பு தானாக நாற்காலியிலிருந்து எழுந்தது. டீச்சர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

இருபது. முப்பது. பதினைந்து விநாடி இவ்வளவு சின்னது என்று போன மாதம் அவருக்கு யாரும் சொல்லவில்லை. இல்லை, சொல்லியிருந்தார்கள்.

நாற்பது.

"வரல," என்றது போன்.

குற்றாலிங்கம் வாயைத் திறந்தார். டீச்சரின் கை இன்னும் இறங்கவில்லை. வாயை மூடினார்.

நாற்பத்தைந்து. ஐம்பது. கீழே கடையில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்தார்கள்.

ஐம்பத்திரண்டு.

"வந்துட்டு," என்றார் எஸ்தாக்கி. "இருக்கேன்னு சொல்லிட்டு. புது டவர்லதான் நிக்கி."

ஒரு ஆள் தொப்பென்று உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு மழைச் சத்தம்.

அதன்பின் எஸ்தாக்கி மறுபடி ஆரம்பித்தார். முதலிலிருந்து. பதிமூன்றாம் தேதி, பதினேழாம் தேதி, மேசை, பாளையங்கோட்டை, குற்றாலிங்கத்தின் முப்பாட்டன் வரைக்கும் போனார்.

குற்றாலிங்கம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொல்லுதாரு?" என்று கேட்டார் டீச்சர்.

"ஏசுதாரு."

இடது கை போனில் இருந்தது. வலது கையால் பதிமூன்றாம் தேதிப் புகாரைத் திறந்தார். அதன் அடியில் தாம் எழுதியிருந்த வரியை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். அந்த இடத்தில், ஒற்றை விரலால் மெதுவாக அடித்தார்:

லைன் ஓகே.