எதிர்ப்பக்கத்தில் ஒரே ஆள்

முன்னொரு காலத்தில், தூங்கி எழுந்தவுடன் தினமும் ஒரு புது ஆசை பிடித்துக்கொள்ளும் அரசர் ஒருவர் இருந்தார். தீர்த்தவர்மர் என்று பெயர். ஒரு நாள் கடல் கடந்து வந்த வியாபாரி ஒருவன் அவரிடம் ஒரு செய்தி சொன்னான். எங்கோ ஒரு தேசத்தில் ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, என்ன செய்வோம் என்று இரு கட்சியும் ஊர் ஊராய்ச் சொல்லி, கடைசியில் ஜனங்கள் குடத்தில் ஓலை போட்டு ஒரு கட்சியைத் தேர்ந்தெடுக்கிறார்களாம். அவ்வளவுதான், மறுநாள் சபையில் இரண்டு குடங்கள் வந்துவிட்டன.

"இன்று முதல் நம் நாட்டிலும் இரண்டு கட்சிகள். ஆளுங்கட்சி நான் அமரும் பக்கம் அமரட்டும். எதிர்க்கட்சி எனக்கு எதிர்ப்பக்கம் அமரட்டும். அவரவர் விருப்பப்படி செல்லுங்கள்!" என்றார் அரசர்.

நாற்பது சபையோரும் விருந்துக்கு இலை போட்டதுபோல் அரசர் பக்கம் முண்டியடித்தார்கள். எதிர்ப்பக்கம் காலியாகக் கிடந்தது. அரசருக்கு முகம் வாடிவிட்டது. அப்போது தலைமை அமைச்சர் மழவராயர் எழுந்தார். சபையைச் சிரிக்க வைக்கும் விகடன் ஆவுடையானைக் கண்டால் அவருக்கு ஆகாது. அரசர் தம்முடைய பேச்சுக்குத் தலையாட்டுவார், ஆவுடையான் பேச்சுக்குத்தான் சிரிப்பார் என்பது அவருடைய பல வருட வயிற்றெரிச்சல்.

"அரசே, எதையும் மறுத்துப் பேசுவது ஆவுடையானுக்குக் கைவந்த கலை. அவனே எதிர்க்கட்சியாக இருக்கட்டும். ஆனால் ஒரு ஆள் கட்சி ஆகாது. அடுத்த பௌர்ணமிக்குள் அவன் பக்கத்தில் இன்னொருவராவது உட்கார வேண்டும். இல்லையென்றால் தங்கள் திட்டத்தைக் கேலிக்கூத்தாக்கிய குற்றத்துக்கு அவனை நாடு கடத்த வேண்டும்."

"நல்ல யோசனை!" என்றார் அரசர். அன்று மாலையே மழவராயரின் ஆட்கள் ஊருக்குள் போய், ஆவுடையான் பக்கம் உட்காருகிறவன் வீட்டில் அடுப்பு எரியாது என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

அதன் பிறகு ஆவுடையான் பட்ட தனிமை கொஞ்சநஞ்சமல்ல. முந்தின நாள் வரை அவனோடு சிரித்தவர்கள் அவனைக் கண்டதும் தெருவின் மறுபக்கம் போனார்கள். வெற்றிலைக்காரர் வெற்றிலையைக் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். கட்சிக்கென்று அரசர் கொடுத்த கொட்டகையைத் தொண்டனாக இருந்து அவனே பெருக்குவான். செயலாளராகப் பாயை விரிப்பான். பிறகு தலைவராக அதில் உட்கார்ந்து, "யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?" என்று கேட்பான். கொட்டகையில் ஒரு சத்தமும் இருக்காது. முதல் நாள் அவனுக்கே சிரிப்பு வந்தது. பத்தாம் நாள் வரவில்லை. ஊரையே சிரிக்க வைத்தவனுக்கு, தன்னைச் சிரிக்க வைக்க ஒரு ஆள் இல்லை.

ஆனால் குறைகள் மட்டும் வந்தன. கொல்லைப்பக்கமாக வந்து சொல்லிவிட்டு, "எம் பேரு வெளிய வரக்கூடாது" என்று போய்விடுவார்கள். அரசரின் படகை ஓட்டும் காளத்தியும் அப்படித்தான் வந்தான்.

"படகுல ரெண்டு பக்கமும் பலகை இத்துப்போச்சுங்க. மூணு தரம் சொல்லிட்டேன். அமைச்சரு காதுலயே போட்டுக்கல."

"நீ என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லேன், காளத்தி."

காளத்தி தலையைக் குனிந்துகொண்டான். "புள்ளகுட்டிக்காரனுங்க நான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஆவுடையான் சபையில் அந்தக் குறையைச் சொன்னான். மழவராயர் வாக்கெடுப்பு நடத்தினார். படகு நன்றாக இருக்கிறது என்று நாற்பது பேர் கை தூக்கினார்கள். பலகை இற்றுப்போயிருக்கிறது என்று ஒரு கை எழுந்தது. படகு நன்றாக இருக்கிறது என்றே தீர்மானம் ஆயிற்று.

அந்த நாட்டில் பௌர்ணமிதோறும் காலையில் சபை ஏரியில் கூடும், அரசரின் படகிலேயே. கெடு முடியும் பௌர்ணமியும் வந்தது. படகில் ஏறுமுன் ஆவுடையான் கைகூப்பிக் கேட்டான். "அரசே, யார் எந்தப் பக்கம் அமர்வது என்ற ஆணை படகுக்கும் உண்டா?"

"எங்கும் உண்டு!" என்று மழவராயர் முந்திக்கொண்டார். அரசரும் ஆமென்றார். ஆவுடையான் காளத்தியின் காதோரம், "இடுப்பளவு தண்ணீரைத் தாண்டிப் போகாதே" என்று மட்டும் சொன்னான்.

அரசர் வலப்பக்கம் அமர்ந்தார். நாற்பது பேரும் வலப்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இடப்பக்கம் ஆவுடையான் ஒருவன். கரையை விட்டதும் படகு வலப்பக்கம் சாய்ந்தது. தீர்மானத்தை மதிக்காத பலகை வழியே தண்ணீர் பீறிட்டது.

"இந்தப் பக்கம் வாருங்கள் அரசே, இங்கே ஈரமில்லை" என்றான் ஆவுடையான்.

அரசர் இடப்பக்கம் தாவினார். உடனே ஆவுடையான் எழுந்து, எதிர்ப்பக்கம் என்பதால் வலப்பக்கம் போய் உட்கார்ந்தான். நாற்பது பேரும் இடப்பக்கம் ஓடினார்கள். படகு இடப்பக்கம் சாய்ந்தது, அங்கேயும் தண்ணீர். அரசர் மறுபடி வலப்பக்கம் ஓடினார். நாற்பது பேரும் பின்னாலேயே ஓட, ஆவுடையான் அவர்களுக்கு வழிவிட்டு நிதானமாக இடப்பக்கம் நடந்தான்.

அரசர் முழங்கால் வரை நனைந்து கத்தினார். "மூடர்களே! பாதிப் பேர் அந்தப் பக்கம் போங்கள்!"

ஒருவரும் அசையவில்லை. முதலில் போகிறவன் எதிர்க்கட்சி ஆகிவிடுவானே! ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் இன்னும் ஏறியது. நீச்சல் தெரியாத மழவராயர்தான் முதலில் பொறுமை இழந்தார். ஐயோ என்று அலறிக்கொண்டு எதிர்ப்பக்கம் பாய்ந்து, ஆவுடையானின் இடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர் ஓடினார்கள். படகு நிமிர்ந்தது.

"அரசே, கெடு முடியவில்லை. என் பக்கத்தில் அமைச்சரே அமர்ந்துவிட்டார்" என்றான் ஆவுடையான்.

அரசருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கரை ஏறும்வரை சிரித்தார். "எதிர்ப்பக்கம் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நனைந்து தெரிந்துகொண்டேன். இந்தா!" என்று தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

ஆவுடையான் சுற்றிலும் பார்த்தான். கரை ஏறியதும் மழவராயர் முதல் அத்தனை பேரும் அரசருக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார்கள். அவன் பக்கத்தில் மறுபடி யாரும் இல்லை.

"மாலை போதாது அரசே" என்றான். "பயமில்லாமல் என் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும். தனியாக இருந்து இருந்து அலுத்துவிட்டது."

அரசரின் சிரிப்பு அடங்கியது. "அந்தப் பக்கம் உட்காருகிறவர் மீது எவர் கையும் படக்கூடாது. இது என் ஆணை. யார் போகிறீர்கள்?"

எல்லோரும் தங்கள் ஈரக் கால்களைப் பார்த்தார்கள். துடுப்பைக் கரையில் சாத்திவிட்டுக் காளத்தி வந்தான். "நான் உக்காரலாமுங்களா?"

ஆவுடையான் அவசர அவசரமாகக் கரையிலேயே உட்கார்ந்து, பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டு, "கட்சியின் முதல் கோரிக்கை! படகின் ஓட்டைகளை அடைக்க உடனே கீல் பூச வேண்டும்!" என்றான்.

"தப்புங்க" என்றான் காளத்தி. "கீல் பூசினா நிக்காது. பலகையே மாத்தணும். தெரியாததைப் பேசாதீங்க."

அரசர் மறுபடி விழுந்து விழுந்து சிரித்தார். ஆவுடையானுக்கு மட்டும் கண் நிறைந்துவிட்டது. ஒரு மாதமாக அவன் கொட்டகையில் தினம் தினம் கேட்ட கேள்விக்கு, இன்றுதான் ஒருவன் பதில் சொல்லியிருக்கிறான்.