மேஜர் கதவு திறந்த வாரம்

2018 அக்டோபர் 29, திங்கட்கிழமை, காலை எட்டேகால் மணி. ஓ.பி.யில் எழுபத்து மூன்று பேர் காத்திருந்தார்கள். டாக்டர் ஜெயசீலன் அவர்களைக் கடந்து உள்ளே வந்து, தனக்குப் பயிற்சி தரும் ஆசிரியரின் மேசைமேல் தன் பயிற்சிப் பதிவேட்டை வைத்தார்.

"மேடம், இதுல உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

ஈரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே குடும்ப மருத்துவம் மூன்று வருஷப் படிப்பு. ஜெயசீலன் மூன்றாம் வருஷம். வயது நாற்பத்தைந்து. அதற்கு முன் பதினான்கு வருஷம் ராணுவத்தில் டாக்டர். மேஜராக வெளியே வந்தவர்.

சனிக்கிழமைக்குள் கையெழுத்தாகாவிட்டால் டிசம்பர் பரீட்சைக்கு உட்கார முடியாது. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஜனவரியில் அவரைத் தலைமை டாக்டராக எடுத்துக்கொள்ள இருந்தது. பரீட்சை முடித்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

ஆசிரியர் டாக்டர் நசீமாவுக்கு வயது முப்பத்தெட்டு. மாணவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

"போன வாரம் எத்தனை பேரைப் பாத்தீங்க சார்?"

"முந்நூத்திப் பன்னெண்டு. ஒருத்தருக்கு மூணு நிமிஷம். ஒரு மருந்துகூடத் தப்பில்ல. சீட்டெல்லாம் நீங்களே பாத்தீங்க."

"பாத்தேன். ஒண்ணுகூடத் தப்பில்ல."

"அப்புறம் என்ன மேடம் குறை?"

நசீமா பேனாவால் கதவைக் காட்டினார்.

"இந்த வாரம் அங்க நில்லுங்க. வர்றவங்களுக்குத் திறந்து விடுங்க. போறவங்களுக்கும் திறந்து விடுங்க. கோட்டு, ஸ்டெத் எல்லாம் இங்கேயே இருக்கட்டும்."

ஜெயசீலன் சிரிக்கப் பார்த்தார். ஆசிரியர் சிரிக்கவில்லை.

கதவு, ஆயா ருக்குமணியின் இடம். அவள் எழுந்து நின்று மேஜரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங் சார், பட்டாளத்துல துப்பாக்கி புடிச்சீங்க. இங்க தாப்பாளைப் புடிக்க உட்டுட்டாங்களே. எம் பொழப்புல மண்ணைப் போட்டுறாதீங்க."

"ஒரு வாரம்தான்க்கா."

"அப்படின்னா ஒரு வாரம் நான் உக்காந்து காப்பி குடிக்கறேன்."

முதல் நாள் அவர் கதவைத் திறந்தார், மூடினார். நூற்று நாற்பத்தாறு தடவை. எண்ணிக்கொண்டே இருந்ததால் கணக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமும் தனக்கு மற்றவர்கள் கதவு திறந்துவிட்டதை நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் கைக்குழந்தையோடு வெளியே வந்த பெண் வாசலில் நின்றுவிட்டாள்.

"ஏனுங்ணா, இந்த மாத்திரையைத் தின்னா பால் வத்திருமுங்களா?"

"உள்ளேயே கேட்டிருக்கலாமேம்மா."

"உக்காந்திருக்கறப்பத் தோணலீங்க. எந்திரிச்ச பொறவுதான் ஞாபகம் வந்துது."

பின்னாலேயே ஒரு பெரியவர். கதவைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, சரக்கை உடணும்கறாங்களே. நெசமாச் சொல்றாங்களா, சும்மா மெரட்டறாங்களா?"

சாயங்காலம் ஜெயசீலன் ஆசிரியரிடம் சொன்னார்:

"மேடம், வெளிய போறப்ப ஆளாளுக்குக் கதவுகிட்ட நின்னு ஏதாவது கேக்கறாங்க."

"அப்படியா?" என்றார் நசீமா. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

புதன்கிழமை அவர் எண்ணுவதை விட்டுவிட்டார். வியாழக்கிழமை, கதவை மெதுவாகத் திறக்கப் பழகியிருந்தார்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஒருவர் இடது முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். அறுபது வயது இருக்கும். ஜெயசீலனுக்கு முன்பு பார்த்த ஞாபகம் இல்லாத முகம். பத்து நிமிஷம் கழித்துச் சீட்டோடு வந்து, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றார்.

"ரெண்டு மாசத்துக்கு மாத்திரை எழுதியிருக்காங்க கண்ணு. அத்தனை எதுக்குங்க? கார்த்திகை இருபத்தி நாலு வரைக்கும் இருந்தாப் போதும்."

"அன்னிக்கு என்னங்கய்யா?"

"எம் பொண்ணுக்குக் கல்யாணமுங்க."

"கல்யாணம் முடிஞ்சா மூட்டு வலி நின்னுருமா?"

"எல்லாமே நின்னுருமுங்க."

ஜெயசீலன் கதவை விடவில்லை.

"அவங்கம்மா போயி ரெண்டு வருசமாச்சு. இவளையும் ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டா, அப்புறம் நான் இருந்து என்ன பண்ண? போய்ச் சேந்துர்லாம்னு முடிவு பண்ணிட்டனுங்க."

சந்தைக்குப் போகிற நாளைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாருகிட்டச் சொல்ல?"

"இங்க முன்னாடி வந்திருக்கீங்களா?"

"இது நாலாந்தடவைங்க. மொத மூணு தடவையும் ஒரு டாக்டரு பாத்தாரு. நல்ல டாக்டரு. பட்டுப்பட்டுனு பாத்து அனுப்பிருவாரு. இந்த வாரம் அவரைக் காணமே, ஊருக்குப் போயிட்டாருங்களா?"

ஜெயசீலன் சீட்டை வாங்கிப் பார்த்தார். மேலே மூன்று தேதிகள். மூன்றும் அவருடைய எழுத்து. இடது மூட்டு வலி, மாத்திரை, மறுபடி வரவும்.

மருந்து ஒன்றும் தப்பில்லை.

"உங்க பேரென்னங்கய்யா?"

பேர் சீட்டிலேயே இருந்தது. இருந்தும் கேட்டார்.

"சென்னியப்பன்."

"வாங்க, உக்காந்து பேசுவோம்."

பக்கத்து அறையில் ஒரு மணி இருபது நிமிஷம் பேசினார்கள். பெரும்பாலும் சென்னியப்பன்தான் பேசினார். கதவை ருக்குமணி பார்த்துக்கொண்டாள். காப்பி ஆறிப்போனதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு, அவருடைய சம்மதத்தோடு மகளை வரவழைத்தார்கள். மனநல டாக்டரிடம் காட்டினார்கள். வாரம் ஒரு தடவை வருவது, ஒவ்வொரு தடவையும் ஏழு நாளுக்கான மாத்திரை மட்டும் வாங்குவது என்று ஏற்பாடு. வந்தால் ஜெயசீலனைத்தான் பார்ப்பேன் என்றார் சென்னியப்பன். முன்பு தன்னைப் பார்த்த டாக்டர் யார் என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லிச் சென்னியப்பன் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நசீமா பேனாவை மூடி வைத்தார்.

"எங்கிட்டப் பத்து நிமிஷம் உக்காந்திருந்தார். மூட்டு வலியைத் தவிர ஒரு வார்த்தை சொல்லல சார். நானும் எல்லாம் கேட்டுட்டேன்னுதான் நெனைச்சேன்."

மறுநாள் சனிக்கிழமை. நசீமா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"பதிவேட்டைக் குடுங்க சார்."

ஜெயசீலன் கொடுக்கவில்லை.

"பரீட்சை என்னிக்கு மேடம்?"

"டிசம்பர் பத்து. சென்னையில நாலு நாள். ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"கார்த்திகை இருபத்தி நாலும் அன்னிக்குத்தான்."

நசீமா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"சரி. கல்யாணத்துக்கு நான் போறேன். அந்த வாரம் பூரா நான் பாத்துக்கறேன். நீங்க பரீட்சைக்குப் போங்க."

ஜெயசீலன் பதிவேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"கோயமுத்தூர் வேலை?"

"காலையில போன் பண்ணிச் சொல்லிட்டேன். அடுத்த பரீட்சை ஜூன்லதானே, அதுவரைக்கும் காத்திருக்க முடியாதுன்னாங்க."

"என்ன சார் இது? ஏன், நான் டாக்டர் இல்லையா?"

"அவர் எங்கிட்டச் சொன்னார் மேடம்."

நசீமா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். தேதி எழுதும் இடத்தைக் காலியாக விட்டார்.

டிசம்பர் 10-ம் தேதி முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்தபோது, பெண்ணின் அப்பாவுக்குப் பக்கத்து இலையில் ஜெயசீலன் உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் தினமும் சாயங்காலம் சென்னியப்பனின் வீட்டுக்குப் போனார். அடுத்த வாரமும் போனார்.

2019 ஜூன் 20, வியாழக்கிழமை, ஜெயசீலன் சென்னையில் பரீட்சை எழுதினார். அன்று காலை ஓ.பி.க்கு வந்த சென்னியப்பன், டாக்டர் ஊரில் இல்லை என்று ருக்குமணி சொன்னதும், "செரி, அடுத்த வாரம் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.