சூசை மறுத்த பாட்டு

"ஒரு வார்த்தையைக்கூட நாங்க மாத்தல டீச்சர். அப்புறம் ஏன் அவர் இது என் பாட்டே இல்லங்கிறார்?"

கேட்டவர் தில்லையரசு. ஐம்பதைத் தாண்டியவர். எதிரே இருந்தவள் நிலோஃபர், ஒலிப்பதிவாளர். வயதில் மிக இளையவள். சிந்தசைசரைத் தொடக்கூடப் பயந்தவருக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

நாட்டுப்பாடல்களை மின்னிசையோடு சேர்த்துத் தரும் அவர் குழுவின் முதல் ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளியாக வேண்டும். முதல் பாட்டு சூசையுடையது. அவர் கரைவலை இழுப்பவர். கடற்கரையில், ஆட்களோடு வலை இழுக்கும் வேலைக்கு நடுவே அவர் பாடியதைத்தான் குழுவினரே போய்ப் பதிவு செய்திருந்தார்கள்.

நேற்று சூசைக்குப் போட்டுக் காட்டினார்கள். அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "இது என் பாட்டே இல்ல. என் பேரைப் போடாதீங்க" என்றார்.

"பேர் போடாம வெளியிட வேண்டியதுதானே?" என்றாள் நிலோஃபர்.

"குழுவுல மத்தவங்களும் அதைத்தான் சொல்றாங்க. வேலையை விட்டுட்டு இதுக்கு வந்தேன் டீச்சர். முதல் பாட்டே திருட்டுப் பாட்டா இருக்கணுமா?"

அவள் முதல் முறையாகப் பாட்டைக் கேட்டாள். அவளை அறியாமல் கால் தாளம் போட்டது.

"நல்லாத்தான் இருக்கு."

"அதான்."

"இதே வேகத்துலதான் பாடினாரா?"

"இல்ல. ஒவ்வொரு அடிக்கும் நடுவுல நிறுத்தி நிறுத்திப் பாடுவார். ஒரு தடவை விட்ட இடைவெளி அளவு மறு தடவை விடமாட்டார். எங்க தாளத்துல உட்காரவே இல்ல. அதையெல்லாம் வெட்டிட்டோம்."

"அங்க என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. முக்கல். மணல்ல கால் தேயுற சத்தம்."

அவள் எழுந்தாள். ஸ்டூடியோ மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டி நின்றது. அதில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை அவர் கையில் கொடுத்தாள்.

"கதவு வரைக்கும் இழுங்க."

"எனக்கு இடுப்பு வலி டீச்சர்."

"ஆல்பம் வந்தா இன்னும் வலிக்கும். பாட்டைப் போடுறேன். கூடவே பாடுங்க. சூசையண்ணன் எப்படி இழுப்பாரோ அப்படி இழுங்க."

"பாடும்போது இழுக்க மாட்டாங்க. ஒரு அடி பாடி நிறுத்துவார். அப்பதான் எல்லாரும் சேர்ந்து இழுப்பாங்க."

"அப்படியே செய்ங்க."

பாட்டு தொடங்கியது. அவர் முதல் அடியைப் பாடினார். காலை ஊன்றினார். அதற்குள் இரண்டாம் அடி வந்துவிட்டது.

அதைப் பாடினார். கயிற்றைப் பிடித்தபோது மூன்றாம் அடி.

பிறகு அவர் பாடவில்லை. கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பாட்டு அவரை விட்டுவிட்டு ஓடி முடிந்தது.

பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

"வலை இன்னும் கடல்லதான் கிடக்கு, சார்" என்றாள் நிலோஃபர்.