அறுபது தாமதச் சீட்டுகள்

ஆசிரியர் ஒருவர் அரசியலுக்கு வந்ததும் பழைய தொழிலை விட்டுவிடுவார் என்று மக்கள் நம்புகிறார்கள். இது கடுமையான பிழை. முன்னாள் தலைமையாசிரியரான எம்.எல்.ஏ. பரஞ்சோதி, குறைதீர் கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவர்களை இன்றும் வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

தன் ஊரான மேலக்கொன்றைக்குப் பஸ் கேட்டு, துப்புரவுப் பணியாளர் செங்கமலம் நான்கு முறை மனு கொடுத்தார்.

"என் தொகுதியில பஸ் போகாத ஊரே இல்லம்மா. இல்லேங்கிறதை நான் நம்பணும்னா ஊரே திரண்டு வரணும். சரியாப் பத்து மணிக்கு!"

அறுபது பேர் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்து வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று.

"லேட்! எல்லாரும் வெளியே நில்லுங்க."

"சார், உங்க பள்ளிக்கூடத்துல காரணம் எழுதிக் குடுத்தா, கையெழுத்துப் போட்டு உள்ள விடுவீங்களாமே?" என்று செங்கமலம் மடியிலிருந்து அறுபது சீட்டுகளை எடுத்து நீட்டினார்.

பரஞ்சோதியின் முகம் மலர்ந்தது. முப்பது வருடப் பழக்கம். படிக்காமலே ஒவ்வொன்றிலும் 'காரணம் உண்மை, அனுமதிக்கலாம்' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்திட்டார்.

உள்ளே போனதும் செங்கமலம் அவற்றை மேடையிலிருந்த கலெக்டரிடம் கொடுத்தார்.

"ஊருக்கு பஸ் இல்லாம நடந்து வந்தோம்னு எழுதியிருக்கோம் ஐயா. உண்மைதான்னு சாரே அறுபது தடவை ஒப்புக்கிட்டாரு."

பந்தலே சிரித்தது. பரஞ்சோதி கடைசியாகச் சிரித்தார்.

திங்கட்கிழமை மேலக்கொன்றைக்கு முதல் பஸ் வந்தது. அது திரும்ப இடம் போதாததால், செங்கமலம் தன் மாட்டுக்கொட்டகையை இரண்டடி தள்ளிக் கட்டினார்.