கோரைக்குள் ஒளித்து வைத்த நோய்

கோரைக்குளத்தில் ஒரு கானாங்கோழி இருந்தாள். மார்பு வெள்ளை வெளேரென்று இருந்ததால் எல்லாரும் அவளை வெள்ளச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சரியான கூச்சக்காரி. யாராவது பேச்சுக் கொடுக்க வந்தால் போதும், கோரைப்புல்லுக்குள் நுழைந்துவிடுவாள். "வெள்ளச்சி வீட்டுல இருக்காளான்னு கேட்டா, இல்லைன்னு அவளே உள்ள இருந்து பதில் சொல்லுவா" என்று நீர்க்காகங்கள் கேலி பேசும்.

அவளுக்கு மூன்று குஞ்சுகள். முதன்முதலாய் அடைகாத்துப் பொரித்தவை. மூத்ததும் நடுவுள்ளதும் கொடுத்ததைத் தின்னும். கடைக்குட்டிதான் பெரிய பாடு. நத்தைக்குஞ்சும் புல்விதையும் தவிர எதைக் கொண்டு வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "நீ என்ன சீமையிலயா பொறந்தே?" என்று வெள்ளச்சி தினமும் வைவாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. குளம் சுருங்கி, ஓரமெல்லாம் சேறாகி, தண்ணீர் வெதுவெதுவென்று நாறிக் கிடந்தது. அப்போதுதான் அந்த நோய் வந்தது. முதலில் காலில் பலம் போகும். அப்புறம் இறக்கை தூக்க வராது. கடைசியில் கழுத்தும் நிற்காமல் தலை தண்ணீருக்குள் சாய்ந்துவிடும். அவ்வளவுதான், மூச்சு முட்டிப் போய்விடும்.

குளத்துக்குக் காவல் இருளாண்டி. அவர் ஓர் ஆள்காட்டிக் குருவி. கரையில் ஒரு நிழல் அசைந்தாலும் கத்திக் குளத்தையே எழுப்பிவிடுவார். முன்பு ஒரு பஞ்ச காலத்தில் பறவைகள் சோர்ந்து கிடப்பதை ஒரு நரி மோப்பம் பிடித்துவிட்டது. கூட்டத்தோடு வந்து பாதிக் குளத்தைக் காலி செய்துவிட்டுப் போனது. அதிலிருந்து இருளாண்டி ஒரு சட்டம் போட்டிருந்தார். குளத்தின் கஷ்டம் குளத்துக்கு வெளியே தெரியக் கூடாது. ஆகவே இந்த நோயில் செத்ததையும் கரையில் போட வேண்டாம், கோரைக்குள் தள்ளி மறைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வெள்ளச்சிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. கோரை அவள் வீடு ஆயிற்றே. ஆனால் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க அவளுக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் கோரையெங்கும் கொழுத்த வெள்ளைப்புழு நெளிய ஆரம்பித்தது. பச்சைக்குஞ்சுகளை விட்டுத் தூரம் போகாமல் காலடியிலேயே இரை கிடைத்தால் எந்தத் தாய்க்குத்தான் கசக்கும்? மூத்ததுக்கும் நடுவுள்ளதுக்கும் வயிறு நிறைய ஊட்டினாள்.

மார்கழி பிறந்ததும் வழக்கம்போலப் பட்டைத்தலை வாத்துகள் வந்து இறங்கின. தலையின் பின்னால் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வாத்துகள் அவை. பனிமலைக்கு அந்தப் பக்கம், எந்த ராஜ்யமோ, அங்கேயிருந்து வருகிறவை. வருஷா வருஷம் வந்தும் ஒரு பேச்சுவார்த்தை கிடையாது. வந்தவர்கள் கீழ்க்கரை, இருக்கிறவர்கள் மேல்கரை. நடுத்தண்ணீரைத் தாண்டினால் இருளாண்டி தலைக்கு மேலே வந்து கத்துவார். வாத்துகளும் இந்தத் தடவை ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டு ஒதுங்கியே கிடந்தன.

ஒரு நாள் காலையில் வெள்ளச்சியின் மூத்த குஞ்சு எழுந்து நிற்கப் பார்த்துவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்தது. மத்தியானத்துக்குள் நடுவுள்ளதற்கும் கால் மடங்கியது. வெள்ளச்சி இரண்டையும் கோரைக்குள் அணைத்து வைத்தாள். இருளாண்டியிடம் ஓடினாள்.

"அண்ணாச்சி, அந்த வாத்துங்க எத்தனையோ தண்ணி பாத்தவங்க. ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கட்டுமா?"

"ஏளா, கூறு இருக்கா உனக்கு? நம்ம குளத்துல சீக்குன்னு நீயே போய்த் தமுக்கடிப்பியா? இன்னைக்கு அவங்களுக்குத் தெரிஞ்சா நாளைக்கு நரிக்குத் தெரியும். பேசாம வீட்டுக்குப் போ."

அவள் பேசாமல்தான் வந்தாள். எப்போதும் அப்படித்தானே வந்திருக்கிறாள். ஆனால் மறுநாள் விடிந்தபோது நடுவுள்ளதின் கழுத்து நிற்கவில்லை. தலை சாயச் சாயத் தன் மார்பால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் பிடிப்பாள்? தான் அசந்தால் பிள்ளை தண்ணீருக்குள் போய்விடும். கூச்சப்பட்டுக்கொண்டு இங்கேயே இருந்தாலும் அதேதான் நடக்கும்.

கடைக்குட்டியைக் கூப்பிட்டாள். "உன் அண்ணன் தலையைப் பிடிச்சுக்கோ. அம்மா வார வரைக்கும் விடாதே" என்று சொல்லிவிட்டுக் கோரையை விட்டு வெளியே வந்தாள். பட்டப்பகலில், குளமே பார்க்க, நடுத்தண்ணீரைத் தாண்டி நீந்தினாள்.

கீழ்க்கரையில் முதலில் நின்றது டோல்மா என்ற வாத்து. வருஷக்கணக்கில் வந்து போனதில் நம் பக்கத்துப் பேச்சு அவளுக்கு ஓரளவு பிடிபட்டிருந்தது. வெள்ளச்சி அவள் எதிரே போய் நின்றாள். தண்ணீரைக் கொத்தினாள். மறுபடி நின்றாள்.

"தண்ணி குடிக்கவா இந்தக் கரைக்கு வந்தீங்க? அங்க இல்லையா?" என்று டோல்மா கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் முகத்தில் பகை இல்லை.

அவ்வளவுதான், வெள்ளச்சிக்கு மடை உடைந்துவிட்டது. கால் போனது, இறக்கை போனது, கழுத்து சாய்ந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

வாத்துகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒரு கிழட்டு வாத்து மட்டும் டோல்மாவின் காதில் ஏதோ எச்சரித்தது. டோல்மா அதைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள்.

"எங்க ஏரியிலயும் இதேதான் வந்தது. வெளியில சொல்லல. சொன்னா வழியில எந்தக் குளமும் எங்கள இறங்க விடாது. பறந்து பறந்தே செத்திருப்போம்."

வெள்ளச்சிக்கு ஒரு பக்கம் திக்கென்றது, ஒரு பக்கம் ஆறுதலாகவும் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கமும் இதே அழுகைதானா!

அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து அவரவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். டோல்மாவின் ஏரியில் தாரா என்கிற சின்ன வாத்துகள் கூட்டம் கூட்டமாய் விழுந்தன. பட்டைத்தலை வாத்துகளில் ஒன்றுகூட விழவில்லை. தங்கள் ரத்தம் உசத்தி என்று வாத்துகள் நினைத்துக்கொண்டன. இன்னொன்றும் நடந்தது. பனி உருகி ஓடும் ஓடைப் பக்கம் விழுந்த தாராக்களில் நிறையப் பேர், ஓடைத் தண்ணீரைக் குடித்துக் குடித்தே எழுந்துவிட்டார்கள். நோய் எதனால் வந்தது என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை.

"என் பிள்ளைகள்ல ரெண்டு விழுந்துட்டு, ஒண்ணு நல்லா இருக்கு. அதுக்கு மட்டும் என்ன ரத்தம் உசத்தியா? மூணும் என் வயித்துல பொறந்ததுதான்" என்றாள் வெள்ளச்சி. சொன்னவள் சட்டென்று நிறுத்தினாள். "நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

"புல்லு. வேற என்ன?"

"தாராக்கள்?"

"அதுங்க சேத்துல கிடக்கிற பூச்சி, புழு எல்லாம்."

வெள்ளச்சிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கடைக்குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது எதைப் பார்த்து? அந்த வெள்ளைப்புழுவைப் பார்த்துத்தானே! கோரையில் நெளிகிற புழுவைப் பற்றி டோல்மாவிடம் சொன்னாள்.

அதற்குள் இருளாண்டி தலைக்கு மேலே வந்து கத்த ஆரம்பித்தார். கீழே வந்து இறங்கியவர் வெள்ளச்சியைப் பார்த்து, குளத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டாயே என்று வைதார். டோல்மா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். கோரைக்குள் நெளிகிற அந்தப் புழு எங்கேயிருந்து வருகிறது?

இருளாண்டி கோரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெள்ளச்சிதான் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, செத்ததை எல்லாம் கோரைக்குள்ள ஒளிச்சு வச்சோம். அதுலதான் புழு வச்சது. அதைத்தான் நான் பிள்ளைகளுக்கு ஊட்டியிருக்கேன்."

இருளாண்டி ஒற்றைக் காலில் நின்று யோசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். செத்ததை வெளியே எடுத்தால் நரி பார்க்கும். அது பொய்யில்லை. எடுக்காவிட்டால் பிள்ளைகள் சாகும். அதுவும் பொய்யில்லை. "நான் ஒருத்தன் எத்தனை பக்கம் பாப்பேன்?"

டோல்மா தன் கூட்டத்தைக் காட்டினாள். "நாங்க எப்பவும் முறை வச்சு முழிச்சிருப்போம். நூறு கண்ணு இருக்கு, தொண்டையும் இருக்கு. ஆனா இந்த ஊரு நரி எந்த வழியா வரும்னு எங்களுக்குத் தெரியாது."

"அது எனக்குத் தெரியும்" என்றார் இருளாண்டி. அப்போதே அவர் குரலில் பழைய மிடுக்கு வந்துவிட்டது. "நல்ல தண்ணி வேணும்னா வடக்கு மடைக்குப் போங்க. வாய்க்கால் தண்ணி கசிஞ்சு ஓடுது. சும்மா நிக்காதீங்க, பிள்ளைகளைத் தூக்குங்க."

டோல்மாவும் இன்னொரு வாத்தும் இரண்டு குஞ்சுகளையும் முதுகில் ஏற்றிக்கொண்டு மடைக்குப் போனார்கள். வெள்ளச்சி கூடவே நீந்தி, சொட்டுச் சொட்டாய் அலகில் தண்ணீர் விட்டாள். செத்ததைத் தூக்கக் கூழைக்கடாவைக் கூப்பிட்டார்கள். மீன் போடுகிற பையில் இதையா போடச் சொல்கிறீர்கள் என்று அது முனகியது. முனகினாலும் ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு போய், தண்ணீர் அண்டாத மொட்டைப்பாறையில் வெயிலில் காயப் போட்டது. அப்புறம் பொழுது சாயும்வரை வாய்க்காலில் வாய் கொப்பளித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் விடியக்காலையில் நரி வந்தது. பாறையைப் பார்த்திருக்க வேண்டும். குளம் சோர்ந்து கிடக்கிறது என்ற நினைப்பில் வாய்க்கால்கரைப் புதர் வழியாகப் பதுங்கி வந்தது. இருளாண்டி ஒரே ஒரு சத்தம் கொடுத்தார். அவர் காட்டிய பக்கம் அத்தனை வாத்துகளும் ஒரே சமயத்தில் கழுத்தை நீட்டின. அடுத்த நொடி குளமே அதிர்ந்தது. அவ்வளவு தொண்டையை அந்த நரி வாழ்நாளில் கேட்டதில்லை.

"சும்மா, தண்ணி குடிக்கத்தான் வந்தேன்" என்று அது பின்வாங்கியது.

"உன் ஊர்ல தண்ணி இல்லையா?" என்று இருளாண்டி கேட்டார். நரி வந்த புதருக்குள்ளேயே ஓடி மறைந்தது.

அன்றைக்கு மத்தியானம் மூத்தது மெல்லக் காலை ஊன்றியது. நடுவுள்ளதுதான் கண்ணையே திறக்காமல் கிடந்தது. வெள்ளச்சி தன் கழுத்து மரத்துப்போகிற வரைக்கும் அதன் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தாள். டோல்மா பக்கத்திலேயே நின்றாள். பேசாமல் நிற்பதும் ஒரு துணைதான். சாயங்காலம் வெயில் தணிகிற நேரத்தில் நடுவுள்ளது தலையைத் தானே தூக்கியது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "பசிக்குது" என்றது.

"அம்மா, அதுக்கு நத்தை குடு. புழு குடுக்காதே" என்றது கடைக்குட்டி, பெரிய வைத்தியர் மாதிரி.

அதற்குப் பிறகு கோரைக்குளத்தில் புதிதாய் யாரும் விழவில்லை. மேல்கரை, கீழ்க்கரை என்ற பேச்சும் போய்விட்டது. பங்குனியில் வாத்துகள் கிளம்பும் முன்னால் இருளாண்டியும் டோல்மாவும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். வழியிலுள்ள குளங்களில் எல்லாம் இருளாண்டியின் சொந்தக்காரர்கள் காவல் இருக்கிறார்கள். நோய் வந்தால் அதற்கென்று ஒரு குரல். அது பறவைகளுக்குப் புரியும், நரிக்குப் புரியாது. ஒரு குளத்தில் கொடுத்த குரலை அடுத்த குளம் வாங்கிக் கொடுக்கும். மலையடிவாரம்வரை அது போய்ச் சேரும். மலைக்கு அந்தப் பக்கம் வாத்துகளின் பொறுப்பு.

அடுத்த மார்கழியில் வாத்துகள் வந்தபோது இருளாண்டி கத்தத்தான் செய்தார். ஆனால் அது வேறு குரல், வாங்க வாங்க என்று சொல்கிற குரல். வாத்துகளோடு இந்தத் தடவை சின்னத் தாராக்களும் வந்திருந்தன. தங்கள் ஏரிக்கரையைச் செத்தது ஒன்றும் கிடக்காமல் சுத்தமாய் வைத்தார்களாம். இந்த வருஷம் பொரித்த குஞ்சுகள் அப்படியே பிழைத்துவிட்டனவாம். வழியில் ஒரு குளத்தில் நோய் தலைகாட்டியதாம். குரல் போய்ச் சேர்ந்ததால் அக்கம்பக்கத்துக் குளங்கள் முன்கூட்டியே சுதாரித்துக்கொண்டனவாம்.

டோல்மா நேரே மேல்கரைக்கு நீந்தி வந்தாள். கோரை ஓரத்தில் நின்று கேட்டாள். "வெள்ளச்சி வீட்டுல இருக்காளா?"

நீர்க்காகங்கள் சிரிக்கத் தயாராய்க் கழுத்தை நீட்டின.

"இருக்கேன், வாங்க" என்று சொல்லிக்கொண்டே வெள்ளச்சி வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் வளர்ந்துவிட்ட அந்த மூன்றும் வரிசையாய் வந்தன.

கஷ்டத்தை மூடி மறைத்தால் அது நம் வீட்டுக்குள்ளேயே வளரும். ஊர் தாண்டி, மலை தாண்டி இருக்கிறவரோடும் மனம்விட்டுப் பேசினால், அவருக்குத் தெரிந்த பாதியும் நமக்குத் தெரிந்த பாதியும் சேர்ந்து எல்லாருக்கும் மருந்தாகும்.