பல்லுக்கு வாங்கிய கொசுறு

மிருகமும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், பிள்ளைகள் வாய் நிறையப் பல்லோடுதான் பிறந்தன. பல் கொடுக்கிற உரிமை பெருச்சாளியிடம் இருந்தது. வளை வாசலில் முறத்தில் பல்லைக் குவித்து வைத்துக்கொண்டு, பிறக்கப்போகிற எல்லோருக்கும் மொத்தமாகக் கொடுத்துவிடும். கொடுத்த பிறகு யார் எக்கேடு கெட்டால் அதற்கென்ன?

சடைச்சி என்றொருத்திக்கு வீரணன் பிறந்தான். நல்ல பசிக்காரன். மார்பில் வாய் வைத்து நாலு மடக்குக் குடிப்பான், பிறகு கடிப்பான். அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். புண் ஆறுவதற்குள் அடுத்த கடி.

"வேப்பங்கொழுந்தை அரைச்சுத் தடவு. தானா மறந்துடுவான்," என்றான் புருஷன்.

"மறந்துட்டு எதைத் தின்பான்? உன் மீசையையா?" என்றாள் சடைச்சி. கஞ்சி ஊட்டினால் துப்புகிற பிள்ளை அது. பால் நின்றால் பிழைக்காது என்று அவளுக்குத் தெரியும். இடுப்பில் பிள்ளையோடு விறுவிறுவென்று பெருச்சாளி வளைக்குப் போனாள்.

அங்கே அவளுக்கு முன்னால் ஒரு வெள்ளாடு நின்றது. அதற்கும் இதே வழக்குத்தான். குட்டி மடியைக் கடிக்கிறது.

"மேல்வரிசை முன்பல்லை எடுத்துக்கிறேன். உன் வம்சத்துக்கே திரும்ப வராது. சம்மதமா?" என்றது பெருச்சாளி.

"சம்மதம் சாமி," என்று சொல்லிவிட்டு ஆடு நடையைக் கட்டியது.

சடைச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்ன விலைக்கு ஒரு வார்த்தை குறைத்துக் கேட்க வேண்டாமா?

"உனக்கும் அதேதான் தாயி," என்றது பெருச்சாளி.

"என் பிள்ளை நாளைக்குக் கரும்பு கடிக்க வேண்டாமா? இப்ப எடுத்துக்க அண்ணே. கொஞ்சம் வளர்ந்ததும் கொடு."

"எடுத்தா எடுத்ததுதான். இல்லேன்னா பொறுத்துக்க. பால்குடிப் பிள்ளை கடிக்கிறதுல என்ன பெரிய வலி?"

பெருச்சாளிக்கு அப்போது அணில்போலப் பொசுபொசுவென்று வால் இருந்தது. காலடியில் கிடந்த அந்த வாலைச் சடைச்சி எடுத்து வீரணன் வாயில் வைத்தாள். பசியில் இருந்தவன் ஒரு இழுப்பு இழுத்தான். பால் வரவில்லை. வந்த கோபத்தில் கடித்தான்.

பெருச்சாளி வீறிட்டுக்கொண்டு வாலை இழுத்தது. வால் வரவில்லை, முடிதான் உரிந்தது.

"விடச் சொல்லு தாயி, விடச் சொல்லு."

"சின்னக் கடிதானே அண்ணே. பேசி முடிப்போம், விடுவான்."

பேசினார்கள். பல் பிறகு வரும், சரி. வருவதற்கு முன்னால் வாயில் நீர் ஒழுகித் தாய்க்குத் தகவல் சொல்ல வேண்டும், அதுவும் சரி. முதலில் கீழே இரண்டு மட்டும். பால் குடிக்கும்போது நாக்கு அதன்மேல் பாய் விரித்த மாதிரி கிடந்து மறைத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வாலை விடுவித்துக்கொண்டு, பிள்ளையின் பல்லையெல்லாம் முறத்தில் எடுத்துப் போட்டது பெருச்சாளி.

"இன்னொண்ணு. பல் வந்த பிறகும் கடிக்கக் கூடாது," என்றாள் சடைச்சி.

"அது என் கையில இல்ல. பல் வரும்போது ஈறு நமநமன்னு ஊறும். கடிக்கத்தான் செய்வான்," என்றது பெருச்சாளி, மொட்டை வாலைத் தடவிக்கொண்டே.

"அப்ப கடிக்கு ஏதாவது கொசுறு போடு."

"என்கிட்ட இனி என்ன இருக்கு?"

அந்த நேரம் பார்த்து வீரணன் அண்ணாந்து தாயைப் பார்த்தான். பொக்கை வாய், உதட்டில் ஒட்டிய வால்முடி. கடித்த திருப்தியில் ஈறு மின்னச் சிரித்தான்.

"இதை வச்சுக்க. கடிக்கு ஒண்ணு," என்றது பெருச்சாளி.

அடுத்துக் கேட்பதற்குச் சடைச்சியின் நாக்கு நுனியில் நாலு நியாயம் தயாராக இருந்தது. பிள்ளை முகத்தைப் பார்த்தாள்.

"சரி," என்றாள். சொன்ன விலைக்கு அவள் ஒத்துக்கொண்டது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

ஆட்டுக்கு மேலே முன்பல் இல்லாததும், பெருச்சாளிக்கு வாலில் முடி இல்லாததும் அன்று முதல்தான். பல் முளைக்கிற பிள்ளை தாயை வெடுக்கென்று கடித்துவிட்டு, அவள் "ஆ" என்றதும் வாயை எடுத்து, கீழே இரண்டு பல் தெரிய அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதும் அன்று முதல்தான். ஓங்கிய கை அப்படியே இறங்கி, பிள்ளையின் வாய்நீரைத் துடைத்துவிட்டு, மறுபக்கத்து மார்பில் போட்டுக்கொள்வதும்.